மோட்டாரை நிறுத்திவிட்டு எடுத்த படம்

என் கணவருக்கு எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் போகும் கப்பலில் இன்ஜின் அறை வேலை. கப்பல் ஏறினால் வீடு திரும்ப மூன்று நான்கு வாரம் ஆகும். குட்வில் எஸ்டேட் வீட்டின் முன்னறையில் அவர் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். சுற்றிலும் கடல்தான். ஆனால் இங்கே ஒரு பவளத்துண்டைக்கூட எடுக்கக் கூடாது. அதனால் தொட்டியில் இருக்கிற இரண்டு கோமாளி மீன்களும், அவை புகுந்து படுத்துக்கொள்ளும், பூப்போல விரல் விரித்திருக்கும் உயிரான கடல் சாமந்தியும் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தவை. தீனி போடுவதைத் தவிர எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

போன வருஷம் கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை தோறும் தொட்டிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. டவர் கெடைக்கும்போது பாத்துக்கிறேன்" என்றார்.

முதல் படத்தை அனுப்பிய மறுநாள் பதில் வந்தது. "இங்க் பாட்டில எடுத்து அனுப்பியிருக்கியா? உள்ள நீ மட்டுந்தான் தெரியுற."

உண்மைதான். படம் முழுக்க நீலம். நடுவில் கண்ணாடியில் என் நைட்டியும் கையில் போனும். மீன்கள் இரண்டு ஆரஞ்சுக் கோடுகள்.

மாடி வீட்டு வங்காளப் பெண் புடவைகளைப் படம் எடுத்து போனிலேயே விற்பவள். அவளைக் கூப்பிட்டேன். ஜன்னலைச் சாத்தினாள், தொட்டியின் நீல விளக்கை அணைத்து வெள்ளையை மட்டும் விட்டாள். கண்ணாடியைத் துடைத்து, போனை அதோடு ஒட்டி நேராகப் பிடிக்கச் சொன்னாள். "தீதி, மோட்டார் பந்த் கரோ. பானி ஹிலேகா தோ போட்டோ பீ ஹிலேகா." தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் ஓடித் தண்ணீர் ஆடினால் படமும் ஆடும் என்றாள். நிறுத்தினேன். சாமந்தியின் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. மீனின் கண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு நானே எடுத்தேன். நல்ல படம். எடுத்த கையோடு சௌல்தாரியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு மாலை திரும்பினேன். வீடு அமைதியாக இருந்தது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் நிறுத்திய மோட்டாரை நான் போடவே இல்லை.

போட்டேன். அரைமணியில் மீன்கள் கீழே இறங்கின. அவருக்கு எதுவும் எழுதவில்லை. படத்தை மட்டும் அனுப்பினேன். "சூப்பர்" என்று வந்தது.

மூன்றாம் ஞாயிறு எடுத்த படத்தை முந்தையதோடு வைத்துப் பார்த்தபோதுதான், சாமந்தி நான்கு விரல்கடை நகர்ந்திருப்பது தெரிந்தது. நேரில் பார்க்கும்போது எப்போதும் அங்கேயே இருந்த மாதிரிதான் இருந்தது. அது போகும் பக்கத்தில் மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் வாய். அவரைக் கேட்கலாமென்றால், நடுக்கடலில் அவர் போனுக்கு டவர் இல்லை. பிளாஸ்டிக் டீ வடிகட்டியின் கைப்பிடியை ஒடித்து, அந்த வாயின்மேல் கவிழ்த்து நூலால் கட்டினேன். இரண்டு நாளில் சாமந்தி வடிகட்டிவரை வந்தது. இரண்டு விரல்கள் நசுங்கின. பிறகு திரும்பி, தொட்டிக்குள் இருக்கிற கல்லின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. மீன்கள் பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து, மூன்றாம் நாள் அதைக் கண்டுபிடித்தன.

அவர் வந்ததும் பையை வைக்காமலே தொட்டியைப் பார்த்தார்.

"எடத்த மாத்திட்டியா?"

"அதுவா போச்சு. நான்தாங்க மோட்டார நிறுத்திட்டு மறந்து போய்ட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க."

பையை இறக்கிவிட்டு, குனிந்து வடிகட்டியின் நூல்கட்டைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "முன்னாடி மூணு மீன் செத்துச்சே, கரண்ட் போய்த்தான்னு சொன்னேன்ல? கரண்ட் போகல. நானும் மறந்துட்டேன்."

அந்த மூன்று மீன்களுக்காக மின்சார ஆபீசுக்கு நான்தான் போன் செய்து சண்டை போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். "தெரியும். பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

சாமந்தியை அவர் பழைய இடத்துக்குக் கொண்டுவர முயலவில்லை. இப்போது நான் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் படம் எடுக்கிறேன். அந்தப் பக்கம் பாசி அதிகம், துடைக்க நேரமாகிறது.