பெட்டி கத்தியது

என் தறிக் கொட்டகைத் தூணில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. சத்தம் மிஞ்சினால் அதில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே கீச்சென்று கத்தும். தறி ஓடும்போது அது கத்துவது யாருக்குக் கேட்கப்போகிறது? அதை மாட்டிய டீச்சரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். நான் மட்டும் இன்றும் அதைப் பார்த்தால் திக்கென்று நின்றுவிடுகிறேன். காதடைப்பான் மாட்டாத ஆளை இப்போது உள்ளே விடுவதில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒற்றைத் தறியில் தொடங்கி, அம்மையார்குப்பத்தில் ஒரு கொட்டகை நிறைய விசைத்தறி ஓட்டுகிறவன். திருத்தணியில் என்னைத் தெரியாத நூல் கடை கிடையாது. எந்தத் தறி நின்றாலும் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்வேன் என்று ஊரெல்லாம் பேச்சு. கிளப்பியது நான்தான். என் எதிரில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். உதடு அசையும், குரல் எழும்பாது. அவ்வளவு மரியாதை என்றிருந்தேன்.

பிள்ளைகள் புள்ளிவிவரம் பழக வேண்டும் என்று டீச்சரம்மா இந்தப் பெட்டிகளைப் பஸ் நிறுத்தத்தில், வகுப்பறையில், என் கொட்டகையில் மாட்டினார். அங்கங்கே கேட்கிற சத்தம் இன்டர்நெட்டில் போய் வகுப்புத் திரையில் கோடாக ஓடும். யாராவது வாய்க்கு வந்ததைச் சொன்னால், "மொதல்ல கோட்டைப் பாரு, அப்புறம் வாயைத் தொற" என்பார்.

என் கொட்டகையின் கோடு ஏறி இறங்குவதை விளக்கிச் சொல்ல ஒருநாள் என்னை வகுப்புக்குக் கூப்பிட்டார். போய் நின்று என் காதின் பெருமையை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் காதைப் பொத்தினார்கள். என் பேச்சு எடுபடுகிறது என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கிட்டே வந்து என் காதோரம் கத்தினாள். "தாத்தா, உங்க தலைக்கு மேல பொட்டி கத்திகினே கீது! நீங்க போடுற சத்தத்துக்குத்தான். கேக்கல?"

அண்ணாந்து பார்த்தேன். சிவப்பு எரிந்தது. "வெளையாடாதம்மா, அது சும்மாதான கீது" என்றேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. டீச்சரம்மா திரையைக் காட்டினார். நான் பேசிய நேரமெல்லாம் வகுப்பறையின் கோடு உச்சியில் நின்றிருந்தது.

மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. எல்லாரும் எப்போதும்போலத்தான் பேசியிருக்கிறார்கள். தறி நின்றதை என் காது சொல்லவில்லை. தரையின் அதிர்வு மாறியதைக் கால் சொல்லியிருக்கிறது.

டீச்சரம்மா என் பக்கம் குனிந்தார். "ஐயா, கொட்டகையில உங்ககூட வேற யாரு நிக்கறாங்க?"

என் மகன். மீசை முளைக்காத வயசிலிருந்து.

கொட்டகைக்கு ஓடிவந்து எல்லாத் தறியையும் நிறுத்தச் சொன்னேன். மகனைத் தூணோரம் நிறுத்தி, பெட்டியின் முன்னால் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை இறக்கினேன். சிவப்பு எரிந்தது. வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மருமகள், "ஐயோ, அந்தப் பொட்டிய நிறுத்துங்க மாமா" என்பதுபோல வாயசைத்துக் காதைப் பொத்திக்கொண்டாள்.

மகன் பெட்டியைப் பார்க்கவில்லை. என் உதட்டையே பார்த்தான்.

"இன்னா நைனா சொன்ன?"

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.