சேலையூருக்குப் போன அழைப்புத் தட்டு

மானாமதுரையில் ஏறிய ரயில் தாம்பரத்தில் நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. மாசி மாத வெள்ளிக்கிழமை. தலைக்கு வைத்துப் படுத்திருந்த பையை முதலில் தடவிப் பார்த்தேன். பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள், எங்கள் வல்லநேரி அம்மன் கோவில் குங்குமம் எல்லாம் பத்திரமாக இருந்தன. இந்தத் தட்டைக் கொடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கொடுக்காமலே திரும்ப வழி உண்டா என்று யோசித்துக்கொண்டும் வந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சின்ன ஜமீன்தான். ஆனாலும் ஊருக்கு ஜமீன்தார்தான் ராஜா, அவர் மனைவி ராணி. பங்குனித் திருவிழாவில் அம்மன் கழுத்திலிருந்து எடுக்கும் முதல் மாலை ராணிக்கு, ராஜா போன பிறகும் அவருக்கே. கடைசி ராணியான பத்மாவதி நாச்சியார் எனக்கு ஓரகத்தி முறை. ராஜா பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்ததும் அரண்மனைக்காகப் பங்காளிகள் வழக்குப் போட்டார்கள், ஜெயித்தும்விட்டார்கள். "இனி இந்த ஊர் எல்லையை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ராணி பினாங்கில் இருந்த தம்பி வீட்டுக்குப் பறந்துவிட்டார். ராணி கடல் தாண்டி இருந்தால் மாலை அடுத்த மருமகளுக்கு. அது நான். பதினேழு வருஷமாக அந்த மாலை என் கழுத்தில்தான் விழுகிறது.

இப்போது தம்பி காலமாகி, ராணி நாடு திரும்பி, சேலையூரில் குடியிருப்பதாகச் செய்தி வந்தது. ராணி கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தால் அழைப்புத் தட்டு நேரில் போக வேண்டும். அதையும் மாலை வாங்குகிறவளே கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ராணி தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் திருவிழாவுக்கு வருகிறார் என்று அர்த்தம். என் கழுத்து காலி என்றும் அர்த்தம்.

கிழக்குப் பக்கம் இறங்கி ஆட்டோக்காரரிடம் விலாசத்தைச் சொன்னேன். நூற்றைம்பது கேட்டார். சேலையூர் பக்கத்தில்தானே என்றேன்.

"யாரு வூட்டுக்குக்கா போற?"

"பத்மாவதின்னு ஒருத்தங்க. புதுசா வந்தவங்க."

"நம்ம பத்மாக்காவா? இன்னாக்கா நீ, மொதல்லயே சொல்றதில்ல! ஏறு, நூறு ரூவா குடு போதும். எம் பொண்ணுக்கு அவங்கதான் இங்கிலீஷு சொல்லிக்குடுத்துகினு கீறாங்க."

அந்த ஐம்பது ரூபாய் மிச்சமானதில் எனக்குத் துளிக்கூடச் சந்தோஷம் இல்லை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ராணி ஆட்டோக்காரரைக்கூட வளைத்துப்போட்டுவிட்டாரே என்று வயிறு எரிந்தது. அவங்க யார் தெரியுமா, ராணி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவருக்குத்தான் பெருமை என்று மூடிக்கொண்டேன்.

ஏரிக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம். அவர் வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவரை ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கழுத்தளவு வெட்டிய நரைமுடி, பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. நான் அரக்குப் பட்டில் நின்றேன்.

"வா வசந்தா. ராத்திரி ரயில்ல தூங்கினியா?"

"தூங்கினேன்க்கா."

உள்ளே மொத்தமே இரண்டு அறை. ஒரு கட்டில், ஒரு சாப்பாட்டு மேஜை, மடக்கு நாற்காலிகள். பாத்திரம் அவரே தேய்க்கிறார். பார்த்ததும் மனசு குளிர்ந்தது, மறைப்பானேன்? பன்னிரண்டு தூண் வைத்த கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் என்று பரிதாபப்படத் தயாரானேன். அவரோ இட்லி ஊற்றிக்கொண்டே, "இங்க எல்லாம் கை நீட்டினா எட்டுது, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். என் பரிதாபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பத்து மணிக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கிளம்பினோம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம், டிக்கெட் ஐந்து ரூபாய். கூட எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரும், கீழே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் செல்வியும் வந்தார்கள். ரயிலில் இருவரும் ராணிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். சொந்த ஓரகத்தி நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சந்தையில் கிடைக்காதது இல்லை. பழைய மிக்ஸி, புறா, ரோஜாப் பதியன், யாரோ வீட்டில் கழற்றிய ஜன்னல். ஓரிடத்தில் சிங்க முகம் செதுக்கிய கைப்பிடியோடு ஒரு தேக்கு நாற்காலி நின்றது. அசல் எங்கள் அரண்மனை நாற்காலி மாதிரியே. கடைக்காரர் மூவாயிரம் சொன்னார். ராணியின் முகத்தையே பார்த்தேன். ஒரு பெருமூச்சாவது வரும் என்று நம்பினேன்.

"இதுல உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு முதுகுவலியே வந்துச்சு" என்று சிரித்துவிட்டு, அடுத்த கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தொண்ணூறு ரூபாய்க்குப் பேரம் பேசி, "செல்வி, நீ நாள் பூரா நின்னுகிட்டே தேய்க்கிறியே, இதை வச்சுக்க" என்றார். செல்வி, "இன்னாத்துக்குக்கா இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் முழுக்கத் தட்டைப் பற்றி நான் பேசவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் வாசலில் நின்று, "திருவிழா வருதுக்கா, உங்களுக்கு எங்க முடியப் போகுது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று திட்டம்.

மாலை ஆறு மணிக்குக் கீழே பூஜை. கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு பிள்ளையார். வெள்ளிக்கிழமைகளில் குருக்கள் ஸ்கூட்டரில் வந்து தீபாராதனை காட்டுவாராம். இருபது பேர் இருந்தோம். கற்பூரம் காட்டி முடித்து அவர் பிள்ளையார் கழுத்திலிருந்து மாலையை எடுத்தார்.

என் கால் தானாக முன்னே போனது. கூட்டம் விலகுவதற்காக ஒரு நொடி நின்று, முந்தானையை இழுத்துவிட்டு, கழுத்தை நீட்டிக் குனிந்தேன். எதுவும் விழவில்லை.

"மாமி, செத்த நகருங்கோ. இந்த வாரம் செல்வி முறை" என்றார் குருக்கள்.

யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். மாலை என் தலைக்கு மேலாகத் தாண்டிச் செல்வியின் கைக்குப் போனது. குனிந்த தலையை நிமிர்த்துவது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நிமிர்ந்தபோது ராணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

மாடிக்கு வந்ததும் கேட்டார்: "மாலை இப்ப உனக்குத்தான் போடுறாங்களா?"

"ஆமாக்கா. நீங்க போனதிலேருந்து."

"அப்ப தட்டு பைக்குள்ளதானே இருக்கு? மாசி வெள்ளிக்கிழமை பட்டுச் சேலையோட வந்து நின்னியே, அப்பவே தெரியும். நீயா எடுப்பேன்னு இருந்தேன்."

எடுத்து நீட்டினேன். அவர் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று நான் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"எல்லையை மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்களேக்கா?"

"சொன்னேன். அம்மனையும் பார்க்க மாட்டேன்னா சொன்னேன்? பதினேழு வருஷமாச்சு வசந்தா." பிறகு என் முகத்தைப் பார்த்து, "பயப்படாதே. மாலை உனக்கே. பூசாரிகிட்ட நானே சொல்லிடுறேன். ஸ்டெல்லாவும் செல்வியும் ஊரைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. வேன் பிடிச்சு வர்றோம். கூட்டத்தோட கூட்டமா பின்னாடி நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவோம்" என்றார்.

ஸ்டேஷனுக்கு அதே ஆட்டோவை அவரே கூப்பிட்டு ஏற்றிவிட்டார். ரயில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டும்வரை ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. நான் கேட்காமலே மாலையை விட்டுக்கொடுத்துவிட்டாரே. செங்கல்பட்டு ஏரி வந்தபோதுதான் பங்குனி மாதம் கண்முன்னே வந்தது. பூசாரி என் கழுத்தில் மாலையைப் போடுவார். நான் குனிந்து நிமிர்வேன். நிமிரும்போது ஊரில் ஒரு முகம்கூட என் பக்கம் இருக்காது. எல்லாரும் திரும்பி, இஸ்திரிக்காரப் பெண்ணுக்கும் டீச்சருக்கும் நடுவே கைகூப்பி நிற்கும் அந்தக் கழுத்தளவு நரைமுடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாலை எனக்குத்தான் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தாலாவது, கொடுக்க மாட்டேன் என்று நான் சண்டை போட்டிருப்பேன்.