மருந்து அட்டையில் எழுதிய விலாசம்

காலை ஏழு இருபது. மகளை ஜன்னலருகே உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைத் திருப்பியபோது வெயில் கண்ணில் விழுந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

அவளுக்குப் பதினேழு வயது. நான்கு மாதமாகக் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சுகாதார மையத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் அன்று, புதன் காலை, விழுங்கியதை அவள் வாந்தி எடுத்ததும், வெள்ளிக்கிழமைக்கு உரியதைப் பிரித்து மறுபடி விழுங்க வைத்திருந்தேன். மூன்று நாளாகவே வாந்திதான். திங்களன்று அவளுக்குப் பரீட்சை. அதனால் அந்த வாரத்து மாத்திரையை வாங்க மையத்துக்கு நானே போனேன். வாந்தி உண்டா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். படித்தவள் நான், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள்.

வீட்டுச் சொந்தக்காரருக்கு அந்த வியாதியின் பெயர் தெரியக்கூடாது, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் தெரியக்கூடாது. அதற்காகவே அடுகோடியில் குடியிருந்துகொண்டு, தள்ளியிருக்கும் தொம்மலூர் மையத்துக்குப் போனோம். அங்கே முன்பு குடியிருந்த என் தங்கையின் விலாசத்தை அட்டையில் எழுத வைத்தேன்.

அன்று பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. கணவர் விடியும் முன்பே கம்பெனி வண்டியில் ஹெப்பகோடிக்கு வேலைக்குப் போய்விட்டார். மையம் எட்டரைக்குத் திறக்கும். தெருமுனைப் பெட்டிக்கடை பாதி ஷட்டரில் திறந்திருந்தது. எட்டரை ஆனதும் அங்கிருந்த ஒரு ரூபாய் போனில் மையத்துக்குப் பேசினேன். காலையில் மையத்தில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அட்டைகளைப் பார்ப்பது வழக்கம். நர்ஸ் டாக்டரிடம் திரும்பிச் சொல்வதும், யாரோ மகளின் எடையை வாசிப்பதும் போனிலேயே கேட்டது. அன்று எத்தனை தடவை மாத்திரை கொடுத்தேன் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். சொன்னேன். நர்ஸ் கன்னடமும் தமிழுமாக அவசரமாகச் சொன்னார்:

"மாத்திரெ கொடபேடி அம்மா, இனி ஒண்ணும் கொடுக்காதீங்க, அதுதான் ஈரலைக் கெடுக்குது. வீட்டுலயே இருங்க, ஆள் வருது."

வாசலுக்குத் திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. எந்த வீட்டுக்கு வருவார்கள்?

திரும்ப ஓடினேன். கடையைப் பந்த்காரர்கள் மூட வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் தட்டினேன். ஸ்கூட்டர் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். நான்கு மாதம் மறைத்த பெயரைச் சொன்னேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, வண்டியில் பெட்ரோல் இல்லை என்றார்.

மகள் பாயில் கிடந்தாள். கேட்டதற்கு வெகுநேரம் கழித்துப் பதில் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. கன்னத்தைத் தட்டினேன், கிள்ளினேன், தண்ணீர் தெளித்தேன். தொம்மலூரில் யாரோ பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவது என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம் என்று அவளைத் தோளில் போட்டேன். இரண்டாவது படியிலேயே அவள் தோளிலிருந்து நழுவினாள். அங்கேயே அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இன்று அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறது. இன்னமும் அவள் பேச வாயெடுத்தால் நான் முதலில் பார்ப்பது கண்ணின் வெள்ளையைத்தான்.

அன்று பத்தேகாலுக்குக் கேட் திறந்தது. மையத்திலிருந்து வீடு வீடாகப் போகும் பெண் பணியாளர். சேலை முழங்கால்வரை புழுதி. பின்னால் மையத்து லேப்காரர், கையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதிய கடிதம். அந்தப் பெண் குனிந்து மகளின் இமையை விரித்துப் பார்த்தாள். விலாசம், என்று நான் ஆரம்பித்தேன்.

"உங்க பொண்ணு ரெண்டாவது வாரமே இந்த வீட்டைச் சொல்லிடுச்சு அக்கா. அம்மா பயப்படறாங்க, வராதீங்கன்னுச்சு. அதான் இத்தனை நாளா நாங்க வரலை. டயரெல்லாம் எரிச்சு வழியை மறிச்சுட்டாங்க, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுல நிக்குது. காலைப் பிடிங்க, தூக்கலாம்."