நாவலூரில் அழுத மதியம்

போன வருடம் எங்கள் திருமண நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆராதனை முடிந்ததும் செம்பாக்கத்திலிருந்து நேராக நாவலூருக்குப் போனோம். அங்கே ஒரு தாய்லாந்து உணவகம் இருக்கிறது, சமைக்கிறவர்களே அந்த ஊர்க்காரர்கள், ருசி அசலாக இருக்கும் என்று என் கணவரின் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டுப்புடவையும் கையில் பைபிளுமாக நுழைந்தபோதே எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சுற்றிலும் ஜீன்ஸ் போட்ட ஐ.டி. பிள்ளைகள்.

பச்சைப் பப்பாளியைச் சீவி மிளகாயோடு இடித்துத் தரும் சாலட் ஒன்றைக் கேட்டேன்.

"நார்மல் காரமா மேடம், தாய்லாந்து காரமா?" என்றார் பரிமாறுபவர்.

"ஆந்திரா மெஸ்ல ஊறுகாயைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுறவ நான். அவங்க ஊர் காரமே போடச் சொல்லுங்க."

முதல் இரண்டு வாய் புளிப்பும் இனிப்புமாக இறங்கியது. அடுத்த வாயில் சின்ன மிளகாய் ஒன்று முழுசாகக் கடிபட்டது. காது அடைத்தது. தொண்டை இறுகிக் குரலே வரவில்லை. கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. துப்பவும் வெட்கம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தேன். எதிரே கணவர் வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துகளுக்கு நன்றி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசையிலிருந்து என் வயதுள்ள ஒரு பெண்மணி எழுந்து வந்தார்.

"சார், அந்த போனைக் கொஞ்சம் வைங்க. உங்க மிஸஸ் இவ்ளோ நேரமா அழுதுட்டிருக்காங்க. கண்ணு தெரியலையா?"

இல்லை என்று கையை ஆட்டினேன். அவருக்கு அது வேறு மாதிரி புரிந்தது. "பயப்படாதீங்கம்மா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கணவரின் முகம் செத்துப்போயிற்று. என் பக்கம் குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்க அண்ணன் முன்னாடி அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஏபிசிடி சொல்லித் தர்றவளுக்கு என்ன தெரியும்னு கேட்டது தப்புதான். சாரி" என்றார்.

நான் எல்.கே.ஜி. டீச்சர். அந்தப் பேச்சை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஹால் முழுவதற்கும் அது தெரிந்துவிட்டது. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பரிதாபம் தாங்கமுடியாமல், தட்டைக் காட்டி, "காரம்... மிளகாய்" என்றேன். எப்படியோ குரல் வந்துவிட்டது.

"காரமா?" அவர் கையை எடுத்துக்கொண்டார். "ஐயோ, சாரி சார்."

அவர் மேசையில் சிரிப்பு வெடித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் கணவர். இளநீர் வந்தது. அதைக் குடித்த பிறகும் என் கண்ணீர் நிற்கவில்லை. மிளகாயால்தான் என்று எல்லாரும் நினைத்ததில் நிம்மதியாக இருந்தது.

திரும்பி வரும்போது மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம்.

"கடைசில பார்த்தா வெறும் காரம்! நான் என்னென்னவோ உளறிட்டேன்" என்று மறுபடி சிரித்தார்.

"உளறலைங்க. நீங்க சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கியரைப் போட்டார். வீடு வரும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.