கதவு நிலையில் மூன்று விரல் தடம்

புரட்டாசி பிறந்தபோது என் மனைவி பரமேஸ்வரி வெளிப்படியில் ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். ஐப்பசியில் ஐந்தாவது படியிலேயே நின்றுவிட்டாள். மொத்தம் இருபத்து மூன்று படிகள். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதியின் பழைய மாடி வீடுகளுக்கு இரும்புப் படி வெளியேதான் இருக்கும். பனி விழுந்தால் யாருக்கும் சிரமம். ஆனால் பனி இன்னும் விழவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போய்விட்டால் எனக்கு ஒருவருமில்லை. அந்தப் பயத்தில் நான் சாப்பிடுவதைக் குறைத்தேன், தூங்குவதைக் குறைத்தேன், அவள் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு இருபத்தாறு.

அந்த நாட்களில்தான் கதவு நிலையில் எண்ணெயைக் கண்டேன். வலது பக்கம், தோள் உயரத்தில், மூன்று விரல் தடம். துடைத்தேன். மறுநாள் காலை மறுபடி இருந்தது. ஏழு நாள் துடைத்தேன். எட்டாம் நாள் விடியற்காலையில் எழுந்து கதவுத் துவாரத்தால் பார்த்தேன். கீழ்வீட்டு ரோஸ்லின். ஹெயிட்டி நாட்டவர், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. வேலைக்குப் போகுமுன் ஏறி வந்து, சிறிய போத்தலில் விரல் தோய்த்து, நிலையில் பூசி, கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் யாழ்ப்பாணத்தில் இருபத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: செய்வினை. அடியார்களே, ஹெயிட்டிக்காரர் என்றாலே மந்திரம் என்று கோயில் அன்னதான வரிசையில் நின்று நாங்கள் கதைத்துச் சிரிப்பதில்லையா? நானும் சிரித்தவன்தான். இந்த ஊரில் எந்தச் சாமியையும் யாரும் கும்பிடலாம் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னவனும் நான்தான். என் கதவில் அவர்களுடைய எண்ணெய் பட்டவுடன் அந்தப் பேச்செல்லாம் போய்விட்டது.

நிலையை மஞ்சள் தண்ணீரால் கழுவினேன். எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் கட்டினேன். ரோஸ்லின் இரண்டு முறை வந்து கதவைத் தட்டினார். இரண்டு முறையும் பரமேஸ்வரி படுத்திருந்தாள். உள்ளே அவளைக் காட்டி, தன் நெஞ்சில் கைவைத்து, பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் பிரெஞ்சு வராது. என் மனைவியின் நெஞ்சைக் குறிவைத்துச் சபிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை அவர் காலடியில் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். புதன்கிழமைகளில் அவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நிமிடம் பாடினார்கள், படியில் எத்தனை சப்பாத்து என்று எழுதினேன். நிலையில் எண்ணெய் பூசிய நாட்களையும் எழுதினேன். நாற்பத்து மூன்று குறிப்புகள். ரோஸ்லினை அனுப்பிவிடச் சொல்லிக் கொப்பியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு வர, ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருந்த ஒரு சைவக் குடும்பத்தையும் நானே தேடிப் பிடித்துக் கொடுத்தேன்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். பரமேஸ்வரியையும் அந்த விரதம் பிடிக்க வைத்தேன். அவள் மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆறு நாளும் நான் கேட்டது ஒன்றுதான்: முருகா, இந்தக் கீழ்வீட்டுப் பெண்ணை இங்கிருந்து எடுத்துவிடு. மார்கழியில் ரோஸ்லின் வீட்டை விட ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்தது. நான் கோயிலுக்குப் போய் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தேன். பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

தைப்பொங்கலுக்கு மறுநாள், பகல் பதினொன்றரை. பரமேஸ்வரி குசினியில் விழுந்தாள். கூப்பிட்டேன், அசையவில்லை. மூக்கில் விரல் வைத்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து, முருகா, எந்தக் கையாலாவது காப்பாற்று என்று கத்தினேன். கீழே ரோஸ்லின் தன் பெட்டிகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று படிகளையும் எப்படி ஏறினார் என்று தெரியாது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தொலைபேசியில் அம்புலன்சுக்கு விலாசம் சொல்லிக்கொண்டே முழந்தாளிட்டு, இரண்டு கையையும் அவள் நெஞ்சில் வைத்து அழுத்தத் தொடங்கினார்.

அவர் சத்தமாக எண்ணினார். பிரெஞ்சில் எனக்கு வரும் ஒரே விஷயம் எண்கள். முப்பது வரை எண்ணி, இரண்டு முறை ஊதி, மறுபடி ஒன்றிலிருந்து. நானும் கூடவே எண்ணினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்லி அழுதேன், அவர் நிறுத்தவில்லை. முப்பது, பதினேழு முறை. ஐந்நூற்றுப் பத்து. அதன் பிறகே அம்புலன்ஸ்காரர் ஏறி வந்தார்கள்.

பரமேஸ்வரி பிழைத்தாள். நான்கு விலா எலும்பு முறிவு, நெஞ்சில் சத்திரசிகிச்சை, பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பதினொரு நாளும் என்னோடு கதைக்கவில்லை. கடைசி நாள் நான் ரோஸ்லினைப் புகழத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அந்த எண்ணெய் நான் கேட்டுத்தான் அவ பூசினவ," என்றாள். "நெஞ்சு நோகுதெண்டு அவவுக்குச் சொன்னனான். உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னா இன்னொரு விரதம் பிடிக்கச் சொல்லுவியள்."

பத்தொன்பது வருடம் தையல் ஆலையில் ஹெயிட்டிப் பெண்களோடு இருந்து பிரெஞ்சு பழகியவள் அவள். அவர்கள் வழக்கத்தில் நோயாளி இருக்கும் வீட்டு நிலையில் எண்ணெய் பூசி மன்றாடுவார்களாம். கதவைத் தட்டியபோது ரோஸ்லின் சொன்னது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, இது இருதயம் என்பது. நான் கொப்பியில் எழுதிய அத்தனை நாளும் பரமேஸ்வரி என்னைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனுஷிக்கு என்னிடம் அவ்வளவு பயம்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் ஓடினேன். சைவக் குடும்பம் கையெழுத்து வைத்தாயிற்று என்றார். ரோஸ்லின் நகரத்தின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில், உறவினர் வீட்டு நிலவறைக்குப் போய்விட்டார். மாசியில் இருவரும் பார்க்கப் போனோம். மெட்ரோ, பிறகு இரண்டு பஸ், நூற்றுப் பதினெட்டு நிமிடம். வேலைக்குப் போக அவருக்கும் இனி அவ்வளவு நேரம். என் மன்னிப்பைப் பரமேஸ்வரி பிரெஞ்சில் சொன்னாள். ரோஸ்லின் அவளை அணைத்துக்கொண்டார், தேநீர் தந்தார், நாடி பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே ஏதோ சொன்னார். பரமேஸ்வரி அதைத் தமிழில் சொன்னாள்:

"நாப்பத்து மூண்டு தரம் எழுதினனீங்களாம். ஒரு தரம் கீழ வந்து கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமாம்."

 வீட்டுச் சொந்தக்காரர் கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.

இப்போது காலையில் விபூதி பூசியபின் அதே நிலையில், அதே இடத்தில், மூன்று விரலால் எண்ணெய் வைக்கிறேன். பரமேஸ்வரி சொல்லித்தான். கீழ்வீட்டுக்கு வந்த சைவக் குடும்பம் அதைப் பார்த்து என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டது. அன்னதான வரிசையில் சிலர் சிரிக்கிறார்களாம். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

அடியார்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். முருகன் கேட்காமல் இருப்பதில்லை. அந்தச் சில மாதங்களில் நான் அவனிடம் இரண்டு கேட்டேன். ரோஸ்லினை எடுத்துவிடு என்றேன், பரமேஸ்வரியைக் கொடு என்றேன். இரண்டையும் குறைவில்லாமல் தந்தான். புதன்கிழமை மாலைகளில் கீழே சத்தமே இல்லை. பரமேஸ்வரி யன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் இருந்து அவள் மூச்சை எண்ணுவேன். நிமிடத்துக்குப் பதினாறு.