இரண்டாவது அங்கிளின் மரணம்

முதியோருக்கு வீட்டுப் பராமரிப்பு வழங்கும் அலுவலகத்தில், தமிழில் வரும் முறைப்பாடுகளைக் கேட்பது அப்போது என் வேலை. ரெக்ஸ்டேல் பகுதியில் தனியாக வசித்த ஓர் அங்கிள் ஒருநாள் அழைத்தார்.

"பிள்ளை, என்னை ஒரே நாளில ரெண்டு தரம் குளிப்பாட்டுகினம். பத்து மணிக்கு ஒராள், பதினொரு மணிக்கு இன்னொராள்."

"ரெண்டாவது ஆளை வேண்டாமெண்டு சொல்லேல்லையோ, அங்கிள்?"

"சொன்னனான். 'குளிக்க மறுக்கிறார்' எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டா."

கணினியில் தேடினேன். அவருடைய நீண்ட பெயரை இரண்டு விதமாக எழுதி, இரண்டு பேராகப் பதிந்திருந்தார்கள். ஒருவரை நீக்கப் போனால், காரணம் கேட்ட இடத்தில் 'காலமானார்' என்பது மட்டுமே இருந்தது. வேறு வழியில்லை, அதையே போடு என்றார் மேலாளர். தயங்கித் தயங்கிப் போட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு குளிப்புத்தான். ஆனால் அங்கிள் மறுபடி அழைத்தார்.

"நான் செத்ததுக்கு உங்கட ஒஃபிஸ் அனுதாபக் கடிதம் அனுப்பியிருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு, அதைக் கிழித்து எறியச் சொன்னேன்.

"ஏன் கிழிக்க வேணும்? என்னைப் பற்றி இவ்வளவு நல்லா இதுவரை ஒருத்தரும் எழுதேல்லை. ஃப்ரேம் போடக் குடுத்திட்டன்."