கியார்த்தியின் பாம்புக்குப் புழு

க்ளாத்தென் நகரத்தில் கிலோக் கணக்கில் துணி துவைத்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். தராசு இல்லாமல் அந்தத் தொழில் செய்பவள் கியார்த்தி ஒருத்திதான். மூட்டையை ஒரு கையால் தூக்குவாள், எடையைச் சொல்வாள். நம்பாதவர்கள் எதிர்க்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்புவார்கள். ஒரு தராசு வாங்கித் தொலையேன் என்று புருஷன் சர்ஜோனோ கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டான். "என் கை பொய் சொல்லட்டும், அப்புறம் வாங்கலாம்" என்பாள்.

வாகிமானின் மலைப்பாம்புக்கு வந்த கேட்டைக் கண்டுபிடித்ததும் அந்தக் கைதான்.

வாகிமான் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். ஊர்ப் பாம்பு வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்து ஆலமரத்தடியில் சங்கம் கூடும். பெரிய பாயை விரித்து அவரவர் பாம்பை அதில் விடுவார்கள். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊரும்; மனிதர்கள் சுற்றி உட்கார்ந்து பொரித்த சோயாத் தெம்பேயும் சர்க்கரைத் தேநீருமாக ஊர்க்கதை பேசுவார்கள். பாம்புகளுக்கெல்லாம் ஒரே தண்ணீர்த் தொட்டி. யார் பாம்பை நீட்டினாலும் மடியில் வாங்கிக் கொஞ்ச வேண்டும். தன் பாம்பைப் பாயில் விடாமல் தனியே வைத்துக்கொள்பவன் திமிர் பிடித்தவன். இப்படி ஒரு மரியாதையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, பாம்புகளைக் கேட்டுச் செய்திருக்க மாட்டான்.

அந்த ஞாயிறு தலைவர் தன் மலைப்பாம்பு முஸ்திகாவைக் கொண்டுவந்து கியார்த்தியின் மடியில் வைத்தார். போன மழைக்காலத்தில் முஸ்திகா மடியில் கிடந்தால் கால் மரத்துப்போகும். இப்போது ஏதோ உலர்ந்த துணியை வைத்த மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தாள், முதுகெலும்பு விரலில் இடறியது.

"அண்ணே, இவ நல்லா சாப்பிடுறாளா?"

"என்ன கேள்வி இது? வயக்காட்டு எலி, உசிரோட ஓடுற எலி! உன் பாம்பு லெம்பெர் மாதிரி ஐஸ்பெட்டி எலி தின்னு வளந்த உடம்பா? போன வாரம்கூட ரெண்டு முழுங்கினா."

"கக்கிடலையே?"

வாகிமானின் சிரிப்பு நின்றது. "ஒரு தடவ. வெயில் ஜாஸ்தி, அதான்."

பக்கத்தில் இருந்த பிராப்தோ, பலகாரக் கடைக்காரன், சும்மா இருப்பானா? "தலைவர் பாம்புக்கே நாடி பாக்குறாங்கப்பா, சலவைக்கார டாக்டரம்மா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கியார்த்தியும் சிரித்துவைத்தாள்.

ஆனால் வீட்டுக்கு வந்தும் கையில் அந்த லேசு போகவில்லை. வயிறாரத் தின்கிற பாம்பு மெலிந்தால் என்ன அர்த்தம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் பாம்பை அப்படித்தான் பறிகொடுத்தாள். சுவரில் ஓடிய பல்லிகளைப் பிடித்துப் போட்டே வளர்த்தாள். பல்லியோடு புழுவும் உள்ளே போனது. தின்றது, மெலிந்தது, கக்கியது, கழிவு நாறியது, செத்தது. அதற்குப் பிறகு வந்த லெம்பெருக்கு, கூண்டில் வளர்த்து உறையவைத்த எலியைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை.

அவனுக்கும் தொற்றியிருக்குமோ என்று மறுநாளே லெம்பெரின் கழிவை ஒரு மிளகாய்ச் சம்பல் டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் பிரமெஸ்தியிடம் ஓடினாள். மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தார்.

"உங்க பையன் சுத்தமா இருக்கான். ஒரு புழு முட்டைகூட இல்ல. ஆனா நீங்க சொன்ன அந்தப் பொண்ணு பாம்போடத கொண்டு வாங்கக்கா. பாக்காம மருந்து குடுக்க முடியாது. இவ்வளவு இளைச்சிருக்குன்னா நாள் கடத்தினா தாங்காது. கூட ஊர்ந்த பாம்பு எல்லாத்தையும் பாக்கணும்."

பூனைக்கு யார் மணி கட்டுவது? உன் பாம்புக்குப் புழு என்று அந்த ஊரில் ஒருவரிடம் சொல்வது, உன் வீட்டில் நாற்றம் என்று சொல்வதற்குச் சமம். முன்பு ஒருத்தரிடம் இப்படிச் சொன்னார்கள். அவர் பாம்பைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், சங்கத்துப் பக்கமே வரவில்லை. பாம்பு செத்த சேதி மட்டும் வந்தது.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. உண்மைய சொல்ல என்ன பயம்?" என்றான் சர்ஜோனோ.

"சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போய்க் கதவ சாத்திக்குவாரு. அவரு மானம் பொழைக்கும். முஸ்திகா பொழைக்காது."

அடுத்த ஞாயிறு கியார்த்தி லெம்பெரைப் பாயில் விடவில்லை. பெட்டியோடு தள்ளி நின்றாள். முகங்கள் சுருங்கின. அவள் கைகூப்பினாள்.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும். என் லெம்பெருக்கு வயித்துல புழு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். அவன் உங்க பாம்பு மேலெல்லாம் ஊர்ந்திருக்கான், ஒரே தொட்டியில தண்ணி குடிச்சிருக்கான். என்னால உங்க புள்ளைங்களுக்கு எதுவும் ஆயிடக்கூடாது. டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். ஆளுக்கொரு டப்பா தர்றேன். கழிவ மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

"அய்யய்ய!" என்று பிராப்தோ தன் பாம்பை வாரி எடுத்தான். "சலவைக்கார டாக்டரம்மா வீட்டுலயே வியாதியா!"

வாகிமானுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தலைவர் என்ற நினைப்பு வந்து தொண்டையைச் செருமினார். "சரி, விடுங்க. தப்பு நடக்கிறதுதான். தலைவன்கிற முறையில மொத டப்பாவ நான் வாங்கிக்கிறேன். அப்ப முஸ்திகா இளைச்சதும் உன்னாலதானா?"

கியார்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்கும்ண்ணே."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். இவள் ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு சங்கத்தையே சோதனைக்கு அனுப்பினாள். சொல்வதில் எனக்கென்ன வெட்கம், அந்த மனசுக்கு முன்னால் நான் தூசு.

முஸ்திகாவின் கழிவில் உருண்டைப்புழுவின் முட்டை கொள்ளை கொள்ளையாக இருந்தது. வேறு இரண்டு பாம்புகளுக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது. மருத்துவர் எடைக்குத் தக்க மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுத்து, மறுபடியும் கழிவைப் பார்த்தார். வயல் எலிதான் வினை என்று வாகிமானைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். லெம்பெரைப் பற்றி மட்டும், கியார்த்தி கேட்டுக்கொண்டபடி, வாயைத் திறக்கவில்லை.

பாய் போயிற்று. அவரவர் பாம்புக்கு அவரவர் பெட்டி, தனித் தண்ணீர்க் கிண்ணம். வேறொரு பாம்பைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புதிதாக வாங்கிய பாம்பு மூன்று மாதம் தனியே இருந்து, சோதனையில் தேறினால்தான் ஆலமரத்தடிக்கு வரலாம்.

கியார்த்திக்குப் புழுக்கார அக்கா என்று பெயர் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு வாடிக்கைக்காரர்கள் துணியை வேறு கடைக்கு எடுத்துப்போனார்கள். லெம்பெரை மடியில் வாங்க ஒருவரும் வரவில்லை. சர்ஜோனோ கொதித்தான்.

"இப்பவே போய் உண்மைய உடைக்கிறேன் பாரு!"

"உடைச்சா உன் வாய தைச்சுருவேன். நேத்து பிராப்தோ என்ன சொன்னான்? 'அக்கா, என் பாம்புக்கும் உங்க வியாதி வந்துருச்சு போல, பேதியாகுது, பாருங்க'ன்னு அவனே டப்பாவோட வந்து நின்னான். முன்னெல்லாம் வருவானா? நான் மொதல்ல அசிங்கப்பட்டதால இப்ப யாருக்கும் கூச்சமில்ல."

மழை திரும்பி வந்தபின் ஒரு ஞாயிறு, சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வாகிமான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அதோ அந்த அக்காவோட அசட்டையால சங்கமே ஆடிப்போச்சு. அன்னிக்கு நான் முன்னால நின்னு டப்பாவ வாங்கலேன்னா எத்தன உசிரு போயிருக்குமோ!"

சர்ஜோனோ பல்லைக் கடித்தான். கியார்த்தி அவன் தொடையில் கிள்ளினாள்.

வாகிமான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முஸ்திகாவைத் தூக்கி வந்தார். "இந்தா, புடி. பாம்ப எப்படிப் பாத்துக்கணும்னு தெரிஞ்சுக்கோ" என்று அவள் மடியில் இறக்கினார். முஸ்திகா சுருண்டு, நெளிந்து, சாவகாசமாகப் படுத்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கியார்த்தியின் கால் மரத்துப்போனது.

"எவ்வளவு இருப்பா? உன் கைதான் சொல்லுமே!"

கியார்த்தி வாயைத் திறந்தாள். எடையைச் சொல்லாமல் முஸ்திகாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நிறைய இருக்காண்ணே" என்றாள்.